டியர்டிராப் டிரெய்லர்: அழகைப் பார்க்குமுன் எடையைப் பாருங்கள்

அமெரிக்காவில் விற்கப்படும், ஹைபிரிட் அல்லாத ஹோண்டா சிஆர்-வி காரின் கையேட்டில், அதன் இழுவைத் திறன் 1,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 680 கிலோ என்று போட்டிருக்கிறது. பெட்ரோலில் ஓடும் சாதாரண டொயோட்டா ராவ்4 காருக்கும், பெரும்பாலான சுபாரு ஃபாரஸ்டர் மாடல்களுக்கும் இதே அளவுதான். 2.5 லிட்டர் எஞ்சின் கொண்ட சுபாரு அவுட்பேக் சற்றுத் தாராளமாக 2,700 பவுண்டு வரை இழுக்கும். இங்குள்ள தமிழர் வீடுகளின் முன்னால் நிற்பவை பெரும்பாலும் இத்தகைய கார்களே. புதிதாக ஒரு பிக்கப் டிரக் வாங்காமல், இருக்கிற காரையே வைத்துக்கொண்டு, கூடாரத்தின் ஈரத்திலிருந்தும் குளிரிலிருந்தும் விடுபட நினைப்பவருக்கு, சுவரும் கூரையும் கொண்டதாகக் கிடைக்கக்கூடியது அநேகமாக டியர்டிராப் டிரெய்லர் ஒன்றுதான். ஆகவே 1,500 பவுண்டு என்ற அந்த எண்ணை வைத்தே இந்த மதிப்புரை முழுவதையும் எழுதுகிறேன். ஒரு டிரெய்லர் எத்தனை அழகாக இருந்தாலும், சாமான்களை ஏற்றிய பின் அந்த எண்ணைத் தாண்டுமானால் அது நமக்கானதன்று.

டியர்டிராப் என்பது முன்புறம் வளைந்து உயர்ந்து பின்புறம் சரிந்து இறங்கும் ஒரு சிறு பெட்டி. உள்ளே படுக்கை மட்டுமே இருக்கும். பின்புறச் சரிவு முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கப்பட்டால் அங்கே சமையலறை. 1930-களில் அமெரிக்கக் கைவினை இதழ்களில் வெளிவந்த வரைபடங்களைப் பார்த்துப் பலர் தாமாகவே வீட்டுக் கொட்டகையில் இதைச் செய்துகொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அலுமினியம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபோது இது இன்னும் பரவியது. நான்கடிக்கு எட்டடி என்ற அதன் பழைய அளவு ப்ளைவுட் பலகையின் அளவிலிருந்தே வந்தது. இன்று ஐந்தடி அகலம்தான் வழக்கம். ஐந்தடி அகலமென்றால் 60 அங்குலக் குயீன் மெத்தை சுவரோடு சுவராகப் பொருந்திவிடும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்காரலாம், சாயலாம், உறங்கலாம். இதை ஏற்க முடியாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் எந்த உபகரணத்தைச் சேர்த்தாலும் அந்தக் குறை தீராது.

வாங்குவதற்கு முன் சந்தையில் உள்ளவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தோம். ஒஹாயோவின் சுகர்கிரீக் ஊரில் நியூகேம்ப் நிறுவனம் செய்யும் டேக், இவ்வகையில் பரவலாகக் கிடைக்கும் முழுமையான தயாரிப்பு. தொட்டி, இரட்டை அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்தியே வருகிறது, முகவர்களும் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் டேப், உள்ளே நிற்கக்கூடிய, கழிவறையும் கொண்ட பெரிய அண்ணன். ஆனால் அதன் வெற்று எடையே 2,000 பவுண்டை நெருங்குவதால் மேலே சொன்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஆகாது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் செய்யப்படும் விஸ்டாபுல், முன்புறம் முழுவதும் பெரிய கண்ணாடி கொண்டது. படுக்கையை மடக்கி சோபாவாக்கி, மழை பெய்யும் மாலைப்பொழுதில் ஏரியைப் பார்த்தபடி உட்காரலாம். நான் பார்த்தவற்றுள் உள்ளே பகலில் நேரம் போக்கத்தக்கது அது ஒன்றுதான். விஸ்கான்சினின் நெசீடா ஊரிலிருந்து வரும் கேம்ப்-இன், துருப்பிடிக்காத எஃகுச் சமையல் மேடைக்கும் நுணுக்கமான வேலைக்கும் பெயர்பெற்றது. சில மாடல்களில் முன்புற இருக்கையை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழந்தைகளுக்கான படுக்கையாக்கிக்கொள்ளலாம். இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது ஹைக்கர் டிரெய்லர்: வளைவே இல்லாத சதுரப் பெட்டி, வெறும் சட்டமும் சுவரும் கதவும் கொண்டு ஆரம்பித்து, வேண்டியதை மட்டும் பட்டியலிலிருந்து சேர்த்துக்கொள்ளும் முறை.

வளைவு வேண்டுமா சதுரம் வேண்டுமா என்பதில் பலர் நெடுநேரம் செலவிடுகிறார்கள். காருக்குப் பின்னால், காரின் உயரத்துக்கு மேல் அதிகம் எழாமல் வரும் பெட்டிக்கு, பின்புறம் வளைந்திருப்பதைவிட மொத்த உயரம் குறைவாக இருப்பதே எரிபொருள் செலவில் முக்கியம் என்பது என் கணிப்பு. சதுரப் பெட்டியில் அலமாரிக்கு இடம் கூடுதல். வளைவுப் பெட்டியில் கண்ணுக்கு நிறைவு கூடுதல். நாங்கள் கடைசியில் வாங்கியது ஒரு சிறு பட்டறையில் செய்யப்பட்ட, ஐந்தடிக்கு எட்டடி அளவுள்ள, வளைவு உடையது. அதில் கண்ணுக்கான ஆசை இருக்கவில்லை என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

இனி எடைக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது வெற்று எடை. மெத்தை, பேட்டரி, கூடுதல் சக்கரம் போன்றவை அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெற்று எடை 1,100 பவுண்டு உள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, பத்துக் கேலன் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 83 பவுண்டு. பழைய வகை ஈய அமில பேட்டரி 100 ஆம்பியர்-மணி அளவில் 60 பவுண்டுக்கு மேல் வரும். சிறு கம்ப்ரசர் குளிர்பெட்டியும் அதற்குள் உள்ள பாலும் தயிரும் காய்கறியும் அறுபதைத் தாண்டும். வீட்டு வெளியடுப்புக்குப் பயன்படும் 20 பவுண்டு புரோபேன் சிலிண்டர், உருளையின் எடையும் சேர்ந்து 37. கூடுதல் சக்கரம் 35, அடுப்பும் குக்கரும் பாத்திரங்களும் 40, நாற்காலி, மேசை, பாய், நிழல்துணி எல்லாமாக 60, போர்வையும் துணிமணியும் 50. கூட்டிப் பார்த்தால் 430 பவுண்டு. டிரெய்லர் 1,530 ஆகிவிட்டது, கார் அனுமதித்ததோ 1,500. இத்தனைக்கும் இதில் ஆடம்பரம் என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றுகூட இல்லை.

அதே கணக்கில் இரண்டே மாற்றங்கள் செய்தால் போதும். ஈய பேட்டரிக்குப் பதில் அதே கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்தால் எடை பாதிக்கும் குறைவு. ஏறத்தாழ 35 பவுண்டு மிச்சம். கேம்ப்கிரவுண்டில் குழாய் இருப்பது தெரிந்தால், வழிக்கு மூன்று கேலன் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கே பிடித்துக்கொள்ளலாம். இன்னொரு 58 பவுண்டு மிச்சம். மொத்தம் 1,437. கூரைமேல் மடிப்புக் கூடாரம் வைக்கலாமே, பக்கவாட்டில் பெரிய பந்தல் மாட்டலாமே என்ற ஆசைகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரைக் கூடாரம் தனியாகவே பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல் வரும். டிரெய்லர் தாங்கக்கூடிய மொத்த எடை அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் சாமானுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். பார்க்கப் பிரமாதமாக இருந்த சில டிரெய்லர்களில் இந்தக் கழித்தல் கணக்கு மிகச் சொற்பமாக வந்தது. அவற்றில் இருவர் ஒரு வாரத்துக்கான சாமானை ஏற்றுவது முடியாத காரியம்.

மொத்த எடையைப் போலவே முக்கியமானது, கொக்கிமேல் விழும் எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உருண்டையின்மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும். மிகுந்தால் காரின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி குறையும். டியர்டிராப்பில் சமையலறை அச்சுக்குப் பின்னால் இருப்பதால், குளிர்பெட்டி, தண்ணீர், அரிசி, பாத்திரம் அனைத்தையும் அங்கேயே அடுக்கத் தோன்றும், அப்படி அடுக்க அடுக்கக் கொக்கி எடை குறைந்துகொண்டே போகும். ஆகையால் பேட்டரி, சிலிண்டர், கூடுதல் சக்கரம் ஆகியவற்றை முன்புற நாக்கின்மேல், அதாவது பெட்டிக்கு முன்னால் ஹிட்ச் வரை நீளும் சட்டத்தின்மேல், வைக்கும் அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை: ஹிட்ச் உயரத்துக்கு வரும்படி ஒரு மரக்கட்டையைக் குளியலறை எடைக்கருவியின்மேல் நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். முழு எடைக்கு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகளில் சிறு கட்டணத்துக்கு எடை போட்டுச் சீட்டு வாங்கலாம். கொக்கி எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதை மறக்கக் கூடாது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகளும் டிக்கியில் பெட்டிகளும் இருந்தால் அந்தக் கணக்கும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மலைப்பகுதியில் வசிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கிறது. கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் காணாமல் போயிருக்கும். வலது ஓரத் தடத்தில் லாரிகளோடு லாரியாக ஏறிச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வாகனத்துக்கு மணிக்கு 55 மைல்தான் சட்ட வரம்பு. டிரெய்லர் டயர்கள் பலவும் 65 மைலுக்கு என்றே செய்யப்பட்டவை. ஆகவே பயண நேரத்தைக் கூகுள் வரைபடம் சொல்வதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டியே போட்டுக்கொள்கிறோம்.

அச்சு வகையில் இரண்டு உண்டு. எஃகுப் பட்டைகளாலான இலை வில் (லீஃப் ஸ்பிரிங்) பழையது, மலிவானது, எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்யத்தக்கது. டார்ஷன் அச்சு என்பது சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளை அழுத்தி வைத்து, அவற்றின் முறுக்கத்தால் குலுக்கலை வாங்கும் அமைப்பு. ஓட்டம் மென்மையானது, ஆனால் பழுதானால் முழு அச்சையும் மாற்ற வேண்டும். மென்மை என்பதும் அச்சின் திறனும் டிரெய்லரின் எடையும் பொருந்தினால்தான். 1,400 பவுண்டு டிரெய்லருக்கு அடியில் 3,500 பவுண்டு அச்சைப் போட்டுவிட்டு அதைப் பலம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுடையது அப்படித்தான் வந்தது. மண்பாதையில் ரப்பர் அசையவே மறுத்ததால் பெட்டி முழுவதும் துள்ளி, சமையலறை அலமாரி திறந்து, மஞ்சள்தூள் டப்பா கவிழ்ந்து, பின்கதவின் உட்புறம் முழுவதும் மங்களகரமாகிவிட்டது. குறைந்த திறனுக்கு அமைக்கப்பட்ட அச்சு வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டால் பெரும்பாலோர் செய்து தருகிறார்கள்.

பிரேக் விஷயத்தில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கேம்பிங் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். வேறு பல மாநிலங்களில் 3,000 பவுண்டு வரை கேட்பதில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் மின் பிரேக் வாங்குங்கள் என்பேன். அதற்குக் காரில் ஏழு முனை இணைப்பும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். சிறு கார்களில் தொழிற்சாலையிலிருந்து இவை வருவதில்லை என்பதால் அந்தச் செலவையும் டிரெய்லர் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய டிரெய்லர் வாங்குவோர் முதலில் தேட வேண்டியது நீர்க்கசிவு. பின்கதவின் கீல் கூரையோடு சேரும் கோடுதான் டியர்டிராப்பின் பலவீனமான இடம். மழை நேரே அதன்மேல்தான் ஓடி இறங்குகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் அங்கே முழு நீளத்துக்கும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அலுமினியக் கீலைப் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் சாதாரணப் பியானோ கீலை வைத்து அதன்மேல் ரப்பர் பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். கதவுகளின் கீழ்மூலை, கூரை மின்விசிறியின் சட்டம், தரையின் பின்மூலைகள் ஆகிய இடங்களில் ப்ளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் விலை எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்ப்பதும் நல்லது. கூரை மூட்டுகளில் சிலிக்கான் பூசியிருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை, ஏனெனில் சிலிக்கானின் மேல் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது. மீண்டும் சரிசெய்ய முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

சமையலறைதான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த டிரெய்லரின் பெரிய வரம் என்று நினைக்கிறேன். அடுப்பு உள்ளே இருக்கும் பெரிய வண்டிகளில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே ஓட வேண்டியிருக்கும், பெருங்காய மணம் தலையணையில் இறங்கி நாட்கணக்கில் இருக்கும். இங்கே அடுப்பு திறந்த வெளியில், தலைக்கு மேல் தூக்கிய கதவே கூரையாக. மழையிலும் நனையாமல் நின்று சமைக்கலாம். ஆனால் எல்லாச் சமையலறைகளும் ஒன்றல்ல. கதவைத் திறந்து அதன் கீழே நேராக நின்று பாருங்கள். ஐந்தடி பத்தங்குல மனிதர் தலை இடிக்காமல் நிற்க முடிகிறதா என்று கடையிலேயே தெரிந்துவிடும். மேடையின் உயரம் 34 முதல் 36 அங்குலம் இருந்தால் முதுகு நோகாது. கதவைத் தாங்கும் வாயுத் தண்டுகள் குளிரில் வலுவிழக்கும் என்பதால், அதிகாலைக் காப்பி போடும்போது கதவு மெல்லத் தலையில் இறங்குவதுண்டு. ஒரு மரக்கம்பை முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறோம்.

இழுப்பறையில் வெளியே வரும் அடுப்பு பார்க்க நன்றாக இருக்கும். எனினும் ஐந்து லிட்டர் குக்கர் நிறைய சாம்பார்ப் பருப்போடு அதன்மேல் அமரும்போது இழுப்பறைத் தண்டவாளம் அசையாமல் நிற்க வேண்டும். குறைந்தது 100 பவுண்டு தாங்கும், திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் தண்டவாளமாகக் கேளுங்கள். குக்கரை வீட்டிலேயே விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: 8,000 அடி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். எடைக் கணக்கில் நான் ஒருபோதும் வெட்டாத பொருள் குக்கர்.

எரிவாயுவிலும் தேர்வு இருக்கிறது. நம் வீடுகளில் பலரும் வைத்திருக்கும், பியூட்டேன் குப்பி செருகும் ஒற்றை அடுப்பு கோடைக்கு நன்று. ஆனால் பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாவதை நிறுத்திவிடும். அக்டோபர் மாத மலைக்காலையில் அது வெறும் அலங்காரப் பொருள். புரோபேன் கடுங்குளிரிலும் எரியும். 20 பவுண்டு சிலிண்டருக்குப் பதிலாக 5 பவுண்டு சிலிண்டர் வைத்தால் வார இறுதிச் சமையலுக்குத் தாராளம், எடையும் பெருமளவு குறையும். மேற்கு மாநிலங்களில் கோடையில் நெருப்புத் தடை வந்தால் விறகு மூட்ட முடியாது. திருகி அணைக்கக்கூடிய எரிவாயு அடுப்புக்குப் பொதுவாக அப்போதும் அனுமதி இருக்கும்.

குழாயும் மின்பம்பும் பொருத்திய தொட்டியைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஏழு கேலன் கொள்ளும் திருகுக்குழாய் வைத்த பிளாஸ்டிக் கேன் ஒன்றை மேடை ஓரத்தில் வைத்தால் அதே வேலை நடக்கிறது; குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும் கவலையும் இல்லை. பாத்திரம் கழுவிய நீரை மண்ணில் ஊற்றத் தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லை. மடக்கும் தொட்டியில் பிடித்து அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும்.

மின்சாரத்தில்தான் பலர் அளவு தெரியாமல் செலவழிக்கிறார்கள். கணக்கு எளிது. கம்ப்ரசர் குளிர்பெட்டி வெயிலைப் பொறுத்து நாளொன்றுக்கு 25 முதல் 40 ஆம்பியர்-மணி எடுக்கும். கூரை விசிறி, எல்இடி விளக்கு, கைப்பேசிகள் சேர்ந்து இன்னொரு 15. ஆக 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஏறத்தாழ இரண்டு நாள் ஓடும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் ஒரு நாளில் நின்றுவிடும். 100 வாட் சோலார் பலகை நல்ல கோடை நாளில் நடைமுறையில் 25, 30 ஆம்பியர்-மணி தரும். ஆனால் நல்ல கேம்ப்சைட்டுகள் எல்லாம் மர நிழலில்தான் இருக்கின்றன! ஆகவே கூரையில் நிரந்தரமாக ஒட்டியதைவிட, நீண்ட ஒயரோடு வெயிலில் கொண்டுபோய் வைக்கக்கூடிய மடக்குப் பலகையே மேல். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நாக்கின்மேல் பெட்டியில் வைப்பவர்கள் குளிரில் தானாகச் சார்ஜைத் துண்டிக்கும் வகையை வாங்க வேண்டும்.

ஏசி வேண்டுமா? 5,000 பிடியு குளிர்விப்புத் திறன் உள்ள மிகச் சிறிய ஏசிகூட ஏறத்தாழ 500 வாட் இழுக்கிறது. மேலே சொன்ன பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் காலி. எனவே ஏசி என்பது மின் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டில் மட்டும் பயன்படும், மற்ற நாளெல்லாம் சுமந்து திரிய வேண்டிய 40 பவுண்டு. டெக்சாஸ், ஃபுளோரிடா வாசிகளுக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். மற்றவர்கள் பதினான்கு அங்குலக் கூரை விசிறி ஒன்றை நல்லதாகப் போட்டுக்கொண்டால் போதும். அந்த விசிறியைக் குளிர்காலத்திலும் மெல்ல ஓடவிட வேண்டும், ஏனெனில் இருவர் இரவு முழுவதும் விடும் மூச்சின் ஈரம் அந்தச் சிறு அறையின் சுவரிலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படிகிறது. மெத்தையை நேரே பலகையின்மேல் போடாமல், அடியில் காற்றோடும் வலைப்பாயோ மரச்சட்டமோ வைப்பது பூஞ்சைக்கு எதிரான எளிய காப்பு.

வெப்பத்துக்கு ஒரே ஒரு விதி: எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும் வகை மட்டுமே. புரோப்பெக்ஸ் போன்ற சிறு புரோபேன் ஹீட்டர்கள் இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவானவைதான், ஆனால் இந்த அளவு பெட்டியை வெகுவிரைவில் சூடாக்கிவிடும். டீசல் ஹீட்டர்கள் மலிவு. உயரமான இடங்களில் காற்று குறைவதால் அவற்றுக்குள் கரி படியும், உயரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வகையாகப் பார்க்க வேண்டும். அறைக்குள்ளேயே திறந்து எரியும் ஹீட்டரையோ அடுப்பையோ வைத்துக்கொண்டு உறங்கினால் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். அதை அறிவிக்கும் அலாரம் இல்லாத டிரெய்லரை நான் வாங்கவே மாட்டேன், அதன் விலை இரண்டு பேர் வெளியே சாப்பிடும் செலவுக்கும் குறைவு.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது அவர்களை இதில் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு. இடுப்புயரக் கதவு வழியாகக் குனிந்து, முழங்காலிட்டு உள்ளே ஏற வேண்டும். நள்ளிரவில் கழிவறைக்குப் போக அதே வழியாக இறங்கி, டார்ச் பிடித்து நடக்க வேண்டும். முட்டிவலியுள்ள எழுபது வயதுக்காரருக்கு அது இம்சை. அப்படிப்பட்ட பயணங்களுக்கு கேபின் எடுப்பதே முறை. ஒரு குழந்தை உள்ளவர்கள் படுக்கையின் கால்மாட்டில் குறுக்குக் கட்டில் கேட்டுப் பெறலாம். இரண்டு குழந்தைகள் என்றால் பக்கத்தில் ஒரு கூடாரம் தேவைப்படும். கரடி நடமாடும் பூங்காக்களில் பின்சமையலறையை நம்பிச் சாமானை விட்டுவைக்கவும் முடியாது. யோசெமிட்டியில் ஒவ்வொரு கேம்ப்சைட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கிறது. உணவு மட்டுமல்லாமல் சோப்பு, பற்பசை வரை அதற்குள் போக வேண்டும். இரவில் மொத்தச் சமையலறையையும் காலி செய்வது சலிப்பான வேலைதான், அதனால் அலமாரியில் தனித்தனி டப்பாக்களாக அடுக்காமல் இரண்டு மூடிய கூடைகளில் வைத்திருக்கிறோம்.

விலை, எளிய சதுரப் பெட்டிக்கு ஏறத்தாழ 10,000 டாலரிலிருந்து தொடங்கி, பெயர்பெற்ற தயாரிப்புகளில் 20,000-ஐயும் தாண்டிப் போகிறது. தாமே செய்ய விரும்புவோர் ஹார்பர் ஃபிரைட் கடையில் விற்கும், 1,720 பவுண்டு தாங்கும் நான்கடிக்கு எட்டடி சட்டத்தில் தொடங்குவது வழக்கம். அதன் சக்கரங்கள் பன்னிரண்டு அங்குலமே என்பதால் நெடுந்தொலைவில் பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்த்தபடி செல்ல வேண்டும். என் பார்வையில் நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்தது, இரண்டு மூன்று வருடம் ஓடிய, கொட்டகைக்குள் நிறுத்தி வைக்கப்பட்ட, பிரேக் உள்ள ஐந்தடிக்கு எட்டடி டிரெய்லர். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஐந்தாறு வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டை தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். டயர் மாற்றிய பிறகு சக்கர நட்டுகளை 10, 25, 50 மைல்களில் மீண்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது அவசியம். பேரிங்குகளுக்கு வருடம் ஒருமுறை புது கிரீஸ் வைக்க வேண்டும். விற்பவர் கடைசியாக எப்போது வைத்தார் என்று கேட்டு, பதில் தயங்கி வந்தால், வீட்டுக்கு இழுத்துச் செல்லுமுன் அந்த ஊரிலேயே ஒரு பட்டறையில் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.